121 தோல்விகள்: ஒரு சிகாகோ ரசிகனின் முறையீடு

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

2024ஆம் ஆண்டில் சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணி கண்ட தோல்விகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 162 ஆட்டங்களில் 41 வெற்றி, 121 தோல்வி. 1900ஆம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்க பேஸ்பாலின் உச்சமட்டமான மேஜர் லீக்கின் எந்த அணியும் ஒரே பருவத்தில் இத்தனை ஆட்டங்களைத் தோற்றதில்லை. 1962இல் புதிதாகத் தொடங்கப்பட்ட நியூயார்க் மெட்ஸ் அணியே 120 தோல்விகளோடு நின்றுவிட்டது. அது முதலாண்டு அணி. எங்களுடையது நூற்றாண்டு கடந்த அணி.

பேஸ்பாலில் தோல்வி என்பது புதுமையன்று. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. முதலிடம் பிடிக்கும் அணியும் அறுபது, எழுபது ஆட்டங்களைத் தோற்கும், கடைசியில் கிடக்கும் அணியும் பெரும்பாலும் ஐம்பது, அறுபது ஆட்டங்களை வென்றுவிடும். இன்று தோற்றால் நாளை மாலை மறுபடி களமிறங்கலாம் என்பதுதான் இந்த ஆட்டம் ரசிகனுக்குத் தரும் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலையே நாங்கள் இழந்தோம். முதல் 25 ஆட்டங்களில் 22 போயின. மே மாதக் கடைசியில் தொடங்கி அடுத்தடுத்து 14 போயின. பிறகு ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை, ஒன்றுகூட வெல்லாமல், தொடர்ந்து 21 ஆட்டங்கள்.

அந்த மே மாதத்து இரவு ஒன்றைச் சொல்ல வேண்டும். 23ஆம் தேதி, எங்கள் மைதானத்தில், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியோடு ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் எங்கள் அணி 8-6 என்று நெருங்கி வந்திருந்தது. ஒருவர் அவுட், இருவர் தளங்களில். எங்கள் ஆட்டக்காரர் பெனின்டெண்டி அடித்த பந்து நேரே வானத்தில் ஏறியது. இப்படித் தளங்களில் ஆட்கள் நிற்கும்போது பந்து அப்படி ஏறினால் அடித்தவர் அவுட் என்று நடுவர் உடனே அறிவித்துவிடுவார், அது விதி. ஆனால் இரண்டாம் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த எதிரணி ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவர்) வழியை மறித்தார் என்று அவரையும் அவுட் என்றார் நடுவர். பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நான் தலையைத் தாழ்த்தியபோது, மூன்று அவுட்டும் ஆகி ஆட்டம் முடிந்திருந்தது. பந்து என்னவோ ஷார்ட்ஸ்டாப்பின் கையுறையில் பத்திரமாகத்தான் இருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு சிறுவன் தன் தந்தையிடம் "ஏன் எல்லாரும் எழுந்து போகிறார்கள்?" என்று கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

இதைப் போன்ற தோல்விகளை நான் கணக்கில் வைப்பதில்லை. அது காலக்கோளாறு, எந்த அணிக்கும் நேரும். களத்தில் நின்ற இளைஞர்கள் மீதும் எனக்குக் கோபமில்லை. ஆண்டு முழுவதும் அவர்கள் எடுத்த ஓட்டங்கள் 507, விட்டுக்கொடுத்தவை 813. இவ்வளவு பெரிய இடைவெளி முயற்சிக் குறைவால் வருவதன்று. திறமையான ஆட்களைச் சேர்க்காததாலும், இருந்தவர்களை அனுப்பிவிட்டதாலும் வருவது. 2021இல் இதே அணி 93 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு 81 வெற்றி, 81 தோல்வி. அதற்கடுத்த ஆண்டு 101 தோல்வி. மூன்றாண்டுகளில் ஒரு வீடு இப்படி இடிகிறதென்றால் அடித்தளத்தை யாரும் கவனிக்கவில்லை என்றுதானே பொருள்?

1981 முதல் இவ்வணி உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபின் தலைமையில் இருக்கிறது. 2005இல் பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்று, 88 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்ததும் அவர் காலத்தில்தான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஆனால் 2024 வரை எந்த ஆட்டக்காரருக்கும் 10 கோடி டாலரை எட்டும் ஒப்பந்தத்தை இவ்வணி தந்ததில்லை. தந்தவற்றில் மிகப் பெரியது 7.5 கோடி. பருவம் தொடங்குவதற்குச் சற்று முன், மார்ச் மாதத்தில், முதன்மைப் பந்துவீச்சாளரான டிலன் சீஸை சான் டியேகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் 21 தோல்விகளின் நடுவே, ஜூலை 25 அன்று, அவர் அந்த அணிக்காக எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது) கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். அன்றிரவு அந்தச் செய்தியைப் படித்தபோது அவருக்காக மகிழ்ந்தேன், எங்களுக்காக நெஞ்சு எரிந்தது.

ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் 5-1 என்று வென்று தொடர் தோல்வி முடிந்தது. இரண்டு நாள் கழித்து மேலாளர் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். மேலாளரை மாற்றுவது எளிது. 1988இல் பால்டிமோரும் மாற்றிப் பார்த்தது. ஆனாலும் பருவத்தின் முதல் 21 ஆட்டங்களையும் தோற்றது. அந்தத் தொடர் தோல்வி முடிந்தது இதே சிகாகோவில், எங்கள் அணியை வென்றுதான். ஊர் திரும்பிய அவ்வணியை வரவேற்க 50,000 பேருக்கு மேல் மைதானத்துக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு அவ்வணி 87 ஆட்டங்களை வென்றது. ரசிகனின் அன்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி.

எங்கள் ஊரிலும் அந்த அன்பு வற்றவில்லை. செப்டம்பர் 24 அன்று, 121ஆவது தோல்வி வரக்கூடும் என்ற இரவில், எட்டாவது இன்னிங்ஸ் வரை பின்தங்கியிருந்தோம். "அணியை விற்றுவிடு" என்று கூட்டம் முழங்கியது, நானும் முழங்கினேன். அதே எட்டாவது இன்னிங்ஸில் எங்கள் பையன்கள் மூன்று ஓட்டங்கள் எடுத்து 3-2 என்று வென்றபோது, முழங்கிய அதே தொண்டைகள் ஆர்ப்பரித்தன. அடுத்த இரண்டு நாள்களும் வெற்றிதான்.

121ஆவது தோல்வி 27ஆம் தேதி டெட்ராய்ட்டில் வந்தது. அந்த வெற்றியால் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி 2014க்குப் பிறகு முதன்முறையாக பிளேஆஃப் என்னும் பருவ இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. அதே டைகர்ஸ் 2003இல் 119 ஆட்டங்களைத் தோற்று மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் கடைப்படியில் கிடந்த அணி. அதன் உரிமையாளர் மைக் இலிட்ச் அப்போது பணத்தை எடுத்து வைத்தார். நட்சத்திர ஆட்டக்காரர் இவான் ரோட்ரிகஸ் வந்தார், ஓராண்டு கழித்து எங்கள் வைட் சாக்ஸிலிருந்தே மாக்லியோ ஆர்டோனியெஸ் போய்ச் சேர்ந்தார். 2006 அக்டோபரில் ஆர்டோனியெஸ் அடித்த ஹோம் ரன் ஒன்றுதான் டைகர்ஸை உலகத் தொடருக்குக் கொண்டுபோனது. 119 தோல்விகளிலிருந்து அங்கே போய்ச் சேர அவர்களுக்கு மூன்று பருவங்கள் போதுமாயின. எங்கள் உரிமையாளரிடம் நான் கேட்பதும் அந்த மூன்று பருவங்களைத்தான்.