யாருடைய காருக்கோ நான் கட்டிய சுங்கம்

வணக்கம். ஐஸ்லாந்துப் பயணத்தின் கடைசிப் பகுதியை இன்று போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். காலையில் கார் வாடகை நிறுவனத்திலிருந்து, ஒரு சுரங்கப்பாதைச் சுங்கத்துக்கான பில்லோடு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதைக் கொட்டித் தீர்க்காமல் எனக்கு வேறு வேலை ஓடாது.

ஏழாம் நாள். மீவாத்ன் ஏரியை விட்டுக் கிளம்பி, கோதாஃபோஸ் அருவியில் நனைந்து, ஆகுரேரி நகரத்தை நோக்கி வருகிறேன். வழியில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் வாத்லாஹெய்தி சுரங்கம். தோண்டும்போதே ஒரு பக்கம் வெந்நீர் பீறிட்டு, மறுபக்கம் குளிர்ந்த நீர் புகுந்து, இழுத்தடித்து 2018 இறுதியில் திறந்தார்கள். நாட்டில் சுங்கம் வாங்கும் சாலைச் சுரங்கம் இது ஒன்றுதான். ஹ்வால்ஃப்யோர்துர் சுரங்கத்தில் அதே ஆண்டு வசூலை நிறுத்திவிட்டார்கள். இங்கே வாயிலில் சாவடி கிடையாது, தடுப்புக் கட்டை கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும், நாம் இணையத்தில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பில் வண்டியின் உரிமையாளருக்குப் போகும். வாடகைக் கார் என்றால் அந்த நிறுவனம் தன் பங்குக்குச் சேவைக் கட்டணம் சேர்த்து நம் தலையில் கட்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள் என்று உங்களை நச்சரிப்பவனே நான்தானே! அன்று இரவே கட்டினேன். ரசீதும் இருக்கிறது. காலையில் அதை எடுத்துப் பார்த்தால், வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டிருக்கிறேன். யாரோ முகம் தெரியாத ஒருவருடைய காருக்குச் சுங்கம் கட்டியிருக்கிறேன்! அவர் அந்தப் பக்கம் போனாரோ இல்லையோ. எனக்கு வந்த பில்லில் சுங்கத்தைவிடச் சேவைக் கட்டணம் அதிகம். ஒரு மின்னஞ்சல் அனுப்ப அவ்வளவு கூலியா? தவறு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். கூலியை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இத்தனைக்கும் பழைய மலைப்பாதை ஒன்று இருக்கிறது, விகுர்ஸ்கார்த். சுரங்கம் மிச்சப்படுத்துவது 16 கிலோமீட்டர்தான். குளிர்காலத்தில் பனி மூடும், சரி. நான் போனது வெயில் காலம். மேலிருந்து கடற்கழியைப் பார்த்துக்கொண்டே காசில்லாமல் இறங்கியிருக்கலாம். சுரங்கத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது, சுவர்!

ஆகுரேரியில் போக்குவரத்து சிக்னலின் சிவப்பு விளக்கு இதய வடிவில் இருக்கும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மக்களைத் தேற்ற வைத்தார்களாம். அன்று ரசித்து மூன்று நிமிடம் படம் எடுத்தேன். இப்போது அந்தக் காட்சியைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

மற்றபடி அந்த ஒன்றாம் எண் சாலையை நான் குறை சொல்லவே மாட்டேன். தீவைச் சுற்றி 1,300 கிலோமீட்டருக்கு மேல். 1974-இல்தான் வட்டம் முழுமையானது. ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத் தடப் பாலங்கள் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டன. பாலத்துக்கு அருகில் முதலில் வந்தவர் போவார், மற்றவர் காத்திருப்பார், கடக்கும்போது கையை உயர்த்துவார். முதல் நாள் பதற்றம், மூன்றாம் நாள் நானே முந்திக்கொண்டு ஒதுங்கினேன். ஆடுகளுக்கு மட்டும் இந்த மரியாதை தெரியாது. தாய் சாலைக்கு இந்தப் பக்கம், குட்டி அந்தப் பக்கம் என்றால் காலைப் பிரேக்கில் வையுங்கள். குட்டி நிச்சயம் குறுக்கே ஓடும்.

அட, தெற்குக் கரை வீடியோவில் ஒன்றை விட்டுவிட்டேன். ஸ்காஃப்டாஃபெல் அருகே முறுக்கிப் பிழிந்த துணி போல இரண்டு இரும்பு உத்திரங்கள் கிடக்கும். 1996-இல் பனியாற்றுக்கு அடியில் எரிமலை வெடித்து, வெள்ளம் பாலத்தைப் பிய்த்துக்கொண்டு போனதன் மிச்சம். நானோ அங்கே இறங்கி, காற்று கார்க் கதவைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் பாதி வீடியோவுக்குக் காட்டினேன்.

சரி, சுங்கத்துக்கு வருகிறேன். எண்ணை நினைவிலிருந்து தட்டினேன் என்று சொன்னேனா? சொல்லவில்லை. நினைவிலிருந்துதான் தட்டினேன். இப்போது அன்றைய இரவுக் காட்சியை ஓட்டிப் பார்க்கிறேன்: கைப்பேசிக்குப் பக்கத்தில், மேசை மேலேயே சாவி. சாவி வளையத்தில் ஓர் அட்டை. அட்டையில், கொட்டை எழுத்தில், வண்டி எண்.