சுவர் இருந்தால்தான் சித்திரம்
(வன உயிரின வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, தம் பணிச்சுமைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனத்துறை அதிகாரிகளே, இந்த மண்டபத்தைக் கட்டணமில்லாமல் தந்த அரிமா சங்கத்துப் பெருமக்களே, மாணவர்களை வரிசை குலையாமல் அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, தாளவாடியிலிருந்தும் கேர்மாளத்திலிருந்தும் பஸ் மாறி மாறி வந்திருக்கும் சோளகர், ஊராளிப் பழங்குடிச் சொந்தங்களே, கீழ்பவானிப் பாசன விவசாயிகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய ஐயா, போன வருடமும் இதே மேடையில் எனக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தவர். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

சத்தியமங்கலம் காட்டைப் பராமரிப்பது பற்றி இரண்டு விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். நெருப்பு, காட்டை மூடிவரும் உண்ணிச்செடி என்கிற லாண்டானா. நெருப்பில் தொடங்குகிறேன்.

2008-ல் இந்தக் காடு சரணாலயமானது. 2011-ல் எல்லையை விரித்து 1,411 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். 2013-ல் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். புலிகளின் எண்ணிக்கை இரட்டிப்பானதற்காக 2022-ல் சர்வதேச விருதும் வந்தது. நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம், பட வேண்டியதுதான். ஆனால் சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். புலி சித்திரம். அப்படியென்றால் சுவர் எது?

நம்முடையது வறண்ட காடு. மழைமறைவுப் பகுதி. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் முட்காடு, மேலே போனால் வெக்காலியும் வேங்கையும் நெல்லியும் நிற்கிற இலையுதிர் காடு. தை முடிவதற்குள் இலையெல்லாம் தரைக்கு வந்துவிடும். மாசி, பங்குனியில் அந்தச் சருகின்மேல் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். ஒரு பீடித்துண்டு போதும். இங்கே தீ தானாகப் பிடிப்பது மிக அரிது. மாடு மேய்க்கப் புதுப்புல் வேண்டும் என்று வைப்பவர்கள் உண்டு. உதிர்ந்த மான்கொம்பு கண்ணில் படட்டும் என்று வைப்பவர்கள் உண்டு. கோபத்தில் வைப்பவர்களும் உண்டு. அதனால்தான் கோடை வருமுன்பே தீத்தடுப்புக் கோடு எடுக்கிறார்கள். பல மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டி, காய்ந்ததும் காற்றுப் பார்த்து எரித்து, தீ தாண்ட முடியாத வெறுந்தரை ஆக்குகிறார்கள். அந்தக் கோட்டை எடுக்கும் கைகள் யாருடையவை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு பங்குனி மதியம், தலமலைப் பக்கம், தீத்தடுப்புக் காவலர்களோடு நடந்துகொண்டிருந்தேன். முன்னால் போனவர் அறுபதை நெருங்கிய ஒரு சோளகர் பெரியவர். திடீரென்று நின்றார். மூக்கை உயர்த்தினார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "சருகு இல்லீங்க, புல்லு எரியுது" என்றார். கொஞ்ச தூரம் ஏறியதும் கீழ்ச்சரிவில் புகை தெரிந்தது. இளைஞர்கள் பச்சைக் கொப்பு ஒடித்துக்கொண்டு நேராக இறங்கப் பார்த்தார்கள். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். "காத்து மேல வருது, தீயும் மேலதான் வரும். யாரும் இறங்காதீங்க." மலைச்சரிவில் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும் என்று 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியபோது பார்த்தோமே, நெஞ்சு பதறவில்லையா?

சரி, மேலே இருக்கும் மாட்டுத்தடத்துக்குப் போய், அங்கிருந்து எதிர்த்தீ வைக்கலாம் என்று முடிவானது. போனால், தடத்தில் யானைக்கூட்டம், குட்டியோடு! கீழே தீ, மேலே யானை, நடுவில் நாங்கள். யாரும் மூச்சு விடவில்லை. பெரியவர் மட்டும் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அதுக்கும் புகை தெரியும், போயிரும்" என்றார். போயிற்று. அப்புறம் தடத்தின் ஓரமாகத் தீ வைத்துக் கீழ்நோக்கி மெதுவாக எரியவிட்டார்கள். கீழிருந்து வந்த பெருந்தீ அந்தக் கருகிய இடத்தைத் தொட்டதும், தின்ன ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டது. பக்கவாட்டில் தாவியதைக் கொப்பால் அடித்தே அணைத்தார்கள். எல்லாம் முடிந்து, கைகால் கழுவி, களி கிண்டிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே தீ இருப்பதாகச் செயற்கைக்கோள் எச்சரிக்கை கைபேசிக்கு வந்தது!

(கைதட்டல்)

தட்டுங்கள், அந்தப் பெரியவருக்காகத் தட்டுங்கள். செயற்கைக்கோளை நான் குறை சொல்லவில்லை. இந்திய வன ஆய்வு நிறுவனம் அனுப்பும் அந்தத் தகவல் எத்தனையோ இடங்களில் உதவுகிறது. ஆனால் தகவல் வந்தால் ஓடிப்போய் அணைக்கக் கால் வேண்டும் அல்லவா? அந்தப் பங்குனி மாதக் கூலி அவர் கைக்கு வந்தது ஆவணியில்.

2020 பிப்ரவரியில், திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில், தீயை அணைக்கப் போன மூன்று வனக்காவலர்கள் அந்தத் தீயிலேயே இறந்தார்கள். அவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உண்ணிச்செடியையும் சொல்லிவிடுகிறேன். அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த செடி. மான் தொடாது. அடியில் புல் முளைக்க விடாது. காய்ந்தால் தரைத்தீயை மரத்தின் உச்சிக்கே ஏற்றிவிடும். மேலாக வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகப் போட வேண்டும், பறவை போட்ட விதை முளைக்க முளைக்கப் பல வருடம் பிடுங்க வேண்டும். பக்கத்தில் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள், கோடையின் தொடக்கத்திலேயே சருகைச் சிறு தீயாக எரித்துவந்த காலத்தில் உண்ணி இப்படிப் பரவவில்லை என்கிறார்கள். அங்கே 2011-ல் சமூக வன உரிமையும், அதாவது காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தவும் காக்கவும் சட்டம் தரும் உரிமையும், பெற்றார்கள். இந்த அறிவுக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை என்பதுதான் என் வேதனை.

சுவர் எது என்று கேட்டேனே. இவர்கள்தான் சுவர். சுவர் இருந்தால்தான் சித்திரம். கோடைக்கு மட்டும் கூப்பிட்டு, மழை விழுந்ததும் அனுப்பிவிடுகிற தினக்கூலி ஆட்களை வைத்து ஒரு காப்பகத்தை எத்தனை நாள் காக்க முடியும்? மாயாறு பவானிசாகரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கீழ்பவானி வாய்க்காலில் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. விவசாயச் சொந்தங்களே, இது உங்கள் பிரச்சினையும்தான்.

வனத்துறை ஐயா அவர்கள் இங்கே இருப்பதால் உரிமையோடு கேட்கிறேன். அவர் கையில் மட்டும் இருக்கிற விஷயமில்லை என்று தெரியும், மேலிடத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். தீத்தடுப்புக் காவலருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் வருடம் முழுவதும் வேலை வேண்டும். கோடையில் தீ, மழைக்காலத்தில் உண்ணி பிடுங்குவது, நடுவில் தடுப்பணையும் தண்ணீர்த் தொட்டியும் பார்ப்பது, வேலைக்கா பஞ்சம்? மாதம் பிறந்தால் கூலி வேண்டும். தீயைத் தாங்கும் காலணியும் உடையும் வேண்டும். உயிர்க்காப்பீடு வேண்டும். நீண்ட காலம் உழைத்தவர்களைப் படிப்பு இல்லை என்று ஒதுக்காமல் நிரந்தரமாக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுங்கள், மற்றவர்களுக்கு மை டப்பா வைத்திருக்கிறோம். தை பிறப்பதற்குள் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். மாணவர்களே, வீட்டில் அப்பா அம்மாவையும் கூட்டிவாருங்கள்.

நன்றி, வணக்கம்.