ஃபீஸ் இல்லாத ஆன்லைன் பள்ளிக்கூடம்: மிடில் ஸ்கூல் பிள்ளைக்குச் சரிப்பட்டு வருமா?

[திரையில்: சாப்பாட்டு மேஜை, லேப்டாப், பாதி தின்ன தோசை]

காலையில எட்டு நாற்பது. என் பையன் ஏழாம் கிளாஸ் கணக்கு வகுப்புல உக்காந்திருக்கான். கேமரா ஆஃப். டீச்சர் ஒரு விகிதக் கணக்குப் போட்டு, விடையைச் சாட்ல போடச் சொல்லியிருக்காங்க. இடது கையால டைப் பண்றான், வலது கையில தோசை. நான் அடுப்புப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கேன். பாக்கலைன்னா என்ன ஆகும்னு அந்த அக்டோபர்ல தெரிஞ்சுக்கிட்டோம். அந்தக் கதைக்குப் பின்னாடி வர்றேன்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாங்க ஒரு டாலர்கூடக் கட்டலை. லேப்டாப் அவங்களே அனுப்பினாங்க. புத்தகம், சயின்ஸுக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறைய சாமான், எல்லாம் வாசல்ல வந்து இறங்குச்சு. எங்க வாட்ஸ்அப் குரூப்ல வாரத்துக்கு ஒருத்தராவது கேக்குறாங்க, "அக்கா, அது நிஜமாவே ஃப்ரீயா? எங்க பொண்ணையும் போடலாமா?"ன்னு. தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். அதான் இந்த வீடியோ. நாங்க இருக்கிறது அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம், கொலம்பஸ் பக்கம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், அதை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க.

முதல்ல பேர்க் குழப்பம். நம்ம ஊர்ல ஒரு கட்டடத்துல "பப்ளிக் ஸ்கூல்"னு போர்டு இருந்தா, ஃபீஸ் எகிறும்னு அர்த்தம். அமெரிக்காவுல பப்ளிக் ஸ்கூல்னா வரிப்பணத்துல நடக்கிற பள்ளிக்கூடம். விர்ச்சுவல் பப்ளிக் ஸ்கூலும் அதே இனம்தான். கட்டடம் மட்டும் இல்லை. சான்றிதழ் உள்ள டீச்சர் உண்டு, வருகைப் பதிவு உண்டு, மாநிலத் தேர்வு உண்டு. இது ஹோம்ஸ்கூல் கிடையாது. ஹோம்ஸ்கூல்ல பாடத்திட்டம் உங்க பொறுப்பு. இங்க பாடத்திட்டம் பள்ளிக்கூடத்தோடது, பிள்ளையை உக்கார வைக்கிறது உங்க பொறுப்பு. 2020-ல கொரோனா நேரத்துல நடந்த ஜூம் வகுப்போடயும் இதைச் சேர்க்காதீங்க. அது அவசரத்துக்குப் போட்ட கொட்டகை. இது ஆரம்பத்துலேர்ந்தே ஆன்லைனுக்குன்னு கட்டினது. நேரலை வகுப்பு தினம் ஒண்ணு ரெண்டு இருக்கும். மிச்ச நேரம் பிள்ளை தானா பாடம் படிச்சு, வினாடி வினா முடிச்சு, வேலையை அப்லோட் பண்ணணும்.

அப்புறம், விசா. ஹெச்4-ல, அதாவது வேலை விசாவுல வந்தவங்களோட குடும்பத்துக்குத் தர்ற விசாவுல, இருக்கிற பிள்ளை சேரலாமா? சேரலாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை மறுக்கக் கூடாதுன்னு 1982-லயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிளைலர் வழக்குல சொல்லிடுச்சு. அவங்க கேக்குறது நீங்க அந்த மாநிலத்துல குடியிருக்கீங்களாங்கிறது. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விவரம். வீட்டுலதானே படிக்கப் போறான், ஊசி எதுக்குன்னு நானும் கேட்டேன். கேட்டது கேட்டபடி, ஊசிச் சீட்டைத் தேடி எடுத்தேன்.

[திரையில்: அமெரிக்க வரைபடம், புளோரிடா தனியா ஒளிர்கிறது]

நடத்துறது யார்? இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் கேக்குறதில்லை.

ஒரு வகை, மாநிலமே நடத்துறது. இதுக்குப் பெரிய உதாரணம் புளோரிடா விர்ச்சுவல் ஸ்கூல். 1997-ல ஆரம்பிச்சது. முழுநேரமாவும் சேரலாம், ஃப்ளெக்ஸ்னு ஒண்ணு ரெண்டு பாடம் மட்டும் எடுத்துக்கவும் சேரலாம். அங்க எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. ஒரு பகுதி முடியுறப்போ டீச்சர் பிள்ளையைக் கூப்பிட்டு வாய்மொழியாப் பேசுவாங்க. "இந்தப் பத்தியில என்ன புரிஞ்சுது, இந்தக் கணக்கை எப்படிப் போட்ட?" அப்படின்னு. காப்பி அடிச்சிருந்தா அந்தப் பேச்சுல தெரிஞ்சு போயிடும். ஃப்ளெக்ஸ்ல பணமும் அப்படித்தான்: பிள்ளை பாடத்தை ஒழுங்கா முடிச்சாத்தான் பள்ளிக்கூடத்துக்குக் காசு. பேர் கொடுத்தா மட்டும் போதாது.

இன்னொரு வகை, சார்ட்டர் பள்ளிக்கூடம். இதுவும் வரிப்பணத்துல நடக்கிறதுதான், ஆனா நடத்துறது தனி அமைப்பு. ஒரு லாப நோக்கமில்லாத போர்டு உரிமம் வாங்கியிருக்கும். பாடம், சாஃப்ட்வேர், பல நேரம் நிர்வாகமே ஒரு கம்பெனிகிட்ட இருக்கும். கே-12னு கேள்விப்பட்டிருப்பீங்க, 2020 டிசம்பர்லேர்ந்து கம்பெனி பேர் ஸ்ட்ரைட். கனெக்‌ஷன்ஸ் அகாடமியை 2011-ல பியர்சன் வாங்குச்சு. இவங்க விளம்பரம்தான் உங்க யூடியூப்ல ஜூலை மாசம் பூரா ஓடுது. கம்பெனி நடத்துனாலே தப்புன்னு நான் சொல்லலை. ஆனா தலைக்கு இவ்வளவுன்னு மாநிலம் காசு தர்ற இடத்துல, தலையை எண்ணுறதுலயே எல்லாருக்கும் கண் இருக்கும்.

எங்க ஒஹாயோவுல அதுக்கு ஒரு பெரிய கதையே உண்டு. எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ, சுருக்கமா ஈகாட். 2000-ல தொடங்கி, நாட்டிலேயே பெரிய ஆன்லைன் பள்ளிக்கூடங்கள்ல ஒண்ணா வளந்துச்சு. 2015-16 கல்வியாண்டுக்கு 15,000 மாணவர்களுக்கு மேல கணக்குக் காட்டினாங்க. மாநிலம் லாகின் பதிவையெல்லாம் எடுத்துப் பாத்துட்டு, 6,300 பேர் அளவுக்குத்தான் ஆதாரம் இருக்குன்னு சொல்லுச்சு. 6 கோடி டாலரைத் திருப்பிக் கட்டச் சொன்னாங்க. பள்ளிக்கூடம் கோர்ட்டுக்குப் போச்சு. அவங்க வாதம் என்ன தெரியுமா? படிக்க வாய்ப்புக் கொடுத்தோம், பிள்ளை எத்தனை மணி நேரம் நிஜமாப் படிச்சதுங்கிறதை வெச்சுக் காசைக் குறைக்கக் கூடாது. ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்ட்ல மாநிலம் பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. அதுக்கு முன்னாடியே, ஜனவரியில, கல்வியாண்டு நடுவுல, பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிட்டாங்க. சுமார் 12,000 பிள்ளைங்க பாதி வருஷத்துல வேற இடம் தேடி அலைஞ்சாங்க.

அந்த வாதத்தை நான் இன்னும் மறக்கலை. ஏன்னா, வாய்ப்புக் கொடுக்கிறதுக்கும் பிள்ளை படிக்கிறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கில்ல, அந்த இடைவெளியிலதான் நான் ஒரு வருஷம் நின்னேன்.

[திரையில்: டேஷ்போர்டு, வரிசையாகப் பச்சை டிக்]

இப்போ அந்த அக்டோபர் கதை. ஆறாம் கிளாஸ்ல பையனுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒத்துவரலை. தினம் காலையில வயித்துவலி. டாக்டர்கிட்ட ஒண்ணும் இல்லை, பஸ்லதான் பிரச்சினை. பேசிப் பாத்தோம், நடக்கலை. ஏழாம் கிளாஸுக்கு ஆன்லைன்ல சேர்த்தோம். ஆகஸ்ட், செப்டம்பர் தேனா ஓடுச்சு. வயித்துவலி போச்சு. என் ஸ்க்ரீன்ல எல்லாப் பாடமும் பச்சை. நானும் "பாருங்க, தங்கம் மாதிரிப் படிக்கிறான்"னு ஊருக்கு ஃபோன் போட்டு அம்மாகிட்ட பெருமை அடிச்சாச்சு.

ஒரு நாள் சயின்ஸ் டீச்சர் கூப்பிட்டாங்க. ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. "பாடம் எல்லாம் முடிச்சதாக் காட்டுது. ஆனா ஒரு பாடத்துக்கு அவன் எடுத்துக்கிட்ட நேரம் நாற்பது செகண்ட்." இருபது நிமிஷப் பாடம். துரை கடைசிப் பக்கத்துக்குத் தாவி, "முடிந்தது" பட்டனை அமுக்கிட்டு, அடுத்த டேப்ல செஸ் ஆடிக்கிட்டிருந்திருக்கார். நான் கேட்டதுக்கு அவன் சொன்ன பதில்:

"எல்லாம் பச்சையாத்தானம்மா இருக்கு?"

திட்டினேன். அவங்க அப்பா சாயங்காலம் வந்து இன்னொரு ரவுண்டு திட்டினார். ஆனா ராத்திரி யோசிச்சுப் பாத்தா, அவனுக்கு வயசு பன்னிரண்டு. பச்சை வரணும்னு சொன்னோம், பச்சை வர வெச்சிருக்கான்.

மிடில் ஸ்கூல், அதாவது ஆறாம் கிளாஸ் முதல் எட்டாம் கிளாஸ் வரைக்கும், உள்ள சிக்கலே இதுதான். ஒண்ணாம் கிளாஸ் பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டுப் படிக்க வைக்கலாம், அது சந்தோஷமா உக்காரும். பதினோராம் கிளாஸ் பிள்ளைக்குக் காலேஜ் பயம் இருக்கும், தானாப் படிச்சிடும். நடுவுல இருக்கிறது, "என் பின்னாடி நிக்காதே"ன்னு கதவைச் சாத்துற வயசு. அதே நேரம் ஆறாம் கிளாஸ்லதான் ஒரே டீச்சர் போய், பாடத்துக்கு ஒரு டீச்சர் வருவாங்க. ஆறு பாடம், ஆறு கெடு தேதி, ஆறு விதமான அப்லோட். கட்டடத்துல இருந்தா மணி அடிச்சு அடுத்த ரூமுக்குத் துரத்திவிடும். வீட்டுல அந்த மணி நீங்கதான்.

இதுக்கு அவங்க வெச்சிருக்கிற பேர் "லேர்னிங் கோச்". சேர்க்கையிலயே ஒரு பெரியவர் பேரைக் கேப்பாங்க. பகல்ல வீட்டுல இருக்கணும், வருகை பதியணும், பாடம் நடக்குதான்னு பாக்கணும். ஒஹாயோ ஆன்லைன் பள்ளிக்கூடம் வருஷத்துக்குக் குறைஞ்சது 920 மணி நேரம் படிக்க வழி செய்யணும்னு விதி. அந்த மணியைக் கணக்கு வெச்சது என் ஃபோன்ல இருந்த அலாரம்.

அதனாலதான் ஃப்ரீயான்னு கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். காசு கட்டலை, என் பகலைக் கட்டினேன். எனக்கு அப்போ வேலை பெர்மிட் இல்லை. 2015-ல ஹெச்4 காரங்களுக்கு வேலை அனுமதி வந்துச்சே தவிர, கணவரோட கிரீன் கார்டு ஃபைல் ஒரு கட்டம் தாண்டினாத்தான் அது கைக்கு வரும். நம்ம வீடுகள்ல இந்த கோச் வேலை யார் தலையில விழும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரெண்டு பேரும் ஆபீஸ் போற வீடா இருந்தா, தாத்தா பாட்டி ஆறு மாச விசாவுல வந்து பாத்துக்குவாங்கன்னு கணக்குப் போடாதீங்க. பாட்டிக்குப் பச்சை டிக் தெரியும், நாற்பது செகண்ட் தெரியாது.

[திரையில்: 72, 180]

ஆராய்ச்சி என்ன சொல்லுது? ஸ்டான்ஃபோர்டுல கிரெடோன்னு ஒரு மையம், 2015-ல ஆன்லைன் சார்ட்டர் பிள்ளைங்களையும், அதே மாதிரிப் பின்னணியும் மார்க்கும் உள்ள சாதாரணப் பள்ளிப் பிள்ளைங்களையும் ஒப்பிட்டுப் பாத்துச்சு. வாசிப்புல சராசரியா 72 நாள் பாடம் பின்தங்கியிருந்தாங்க. கணக்குல 180 நாள். அமெரிக்காவுல கல்வியாண்டே சுமாரா 180 நாள்தான். சராசரிதான் இது. நல்லாப் படிச்ச பிள்ளையும் அதுக்குள்ள இருக்கும், நொந்துபோய் வந்து சேர்ந்த பிள்ளையும் இருக்கும். இருந்தாலும், கணக்குதான் அதிகமா அடி வாங்குதுங்கிறதை நானே வீட்டுல பாத்தேன். கதைப் புத்தகம் அவன் தானா எடுப்பான். அல்ஜீப்ராவை எவன் தானா எடுப்பான்? நவம்பர்லேர்ந்து கணக்கை மட்டும் பேப்பர்ல, என் எதிர்ல போடணும்னு ஆக்கினோம். நான் வெங்காயம் உரிப்பேன், அவன் எக்ஸ் கண்டுபிடிப்பான்.

நல்லதையும் சொல்லணும். அவன் எட்டு மணி வரைக்கும் தூங்கினான், அந்த வயசுக்கு அது பெரிய வரம். ஐ.இ.பி. உள்ள பிள்ளைங்களுக்கு, அதாவது சிறப்புக் கல்வித் திட்டம் உள்ளவங்களுக்கு, சட்டப்படியான உதவி இங்கயும் உண்டு, பப்ளிக் ஸ்கூல்ங்கிறதால. அந்த சயின்ஸ் டீச்சர் வாரத்துக்கு ஒரு தடவை அவன்கிட்ட தனியாப் பேசினாங்க. முப்பது பேர் உக்காந்திருக்கிற ரூம்ல வாயே திறக்காதவன், சாட்ல பக்கம் பக்கமா எழுதினான்.

மாநிலத் தேர்வு மட்டும் அவன் நேர்ல போய் எழுத வேண்டியிருந்துச்சு. ஏழாம் கிளாஸுக்கு இங்கிலீஷும் கணக்கும். எங்களுக்குப் போட்ட இடம் ஒரு ஹோட்டல் மீட்டிங் ஹால், வீட்டுலேர்ந்து முக்கால் மணி நேரம். அங்கதான் அவன் தன் வகுப்புப் பிள்ளைங்களை முதல் தடவையா முழு உருவத்துல பாத்தான். "அம்மா, அவன் இவ்ளோ உயரமா!"ன்னு காருக்குள்ள வந்து சொன்னான்.

சேர்க்கிறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் போட்டு மூணே கேள்வி கேளுங்க. கணக்கு டீச்சர்கிட்ட மொத்தம் எத்தனை பிள்ளைங்க? நேரலை வகுப்பு கட்டாயமா, ரெக்கார்டிங் பாத்தாப் போதுமா? பிள்ளை பாடத்துல செலவழிச்ச நேரம் பெற்றோர் ஸ்க்ரீன்ல தெரியுமா? மூணாவது கேள்விக்கு "தெரியும்"னு பதில் வந்தா, அது எந்த மெனுவுல இருக்குன்னு அப்பவே காட்டச் சொல்லுங்க. எங்களுக்கும் தெரியுமாம், மூணு மெனுவுக்கு உள்ள.

எட்டாம் கிளாஸுக்கு அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போயிட்டான். காரணம் படிப்பு இல்லை, வயலின். ஒஹாயோவுல ஆன்லைன் பிள்ளைங்க ஊர்ப் பள்ளிக்கூட டீம்ல விளையாடச் சட்டத்துல வழி இருக்கு. ஆனா எங்க ஊர்ல ஆர்கெஸ்ட்ரா ஒரு பாடவேளை. வகுப்புல பேர் இருந்தாத்தான் உக்கார முடியும். "தனியா வாசிச்சு போரடிக்குதும்மா"ன்னான். பஸ் வேண்டாம், நான் கொண்டுபோய் விடுறேன்னு பேச்சு.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப அவங்களே லேபிள் ஒட்டின பெட்டி அனுப்பினாங்க. மூடுறதுக்கு முன்னாடி கீபோர்டைத் துடைச்சேன். எண்டர் பட்டன் ஓரத்துல தோசைப் பொடி எண்ணெய், எவ்வளவு தேய்ச்சும் போகலை. அப்படியே அனுப்பிட்டேன்.