பேப்பர் படித்து ஓட்டுப் போடுகிறார்களா?

வணக்கம் மக்களே! நம்ம ஊரில் எந்த சேனல் எந்தக் கட்சியுடையது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இன்றைக்கு ஆந்திரா பக்கம் போவோம்.

1982 மார்ச்சில் நடிகர் என்.டி.ராமாராவ் (என்.டி.ஆர்.) தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்குகிறார். 1983 ஜனவரியில் முதலமைச்சர் ஆகிவிடுகிறார். எல்லாம் சினிமா கவர்ச்சி என்பார்கள். நான் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பழைய செவர்லே வேனை மாற்றியமைத்து, 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து ஊர் ஊராகச் சுற்றினார். தூக்கம், குளியல், சாப்பாடு எல்லாம் ரோட்டோரத்தில்தான். வானொலியும் தூர்தர்ஷனும் மத்திய அரசின் கையில் இருந்த காலம். அப்புறம் இந்தக் கூட்டமெல்லாம் பக்கத்து மாவட்டத்துக்கு எப்படித் தெரியும்?

அங்கேதான் பத்திரிகை முதலாளி ராமோஜி ராவின் தெலுங்கு நாளிதழ் 'ஈநாடு' வருகிறது. 1974இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய பேப்பர். சின்ன ஊர்களிலும் நிருபர் வைத்தார்கள், பல ஊர்களில் அச்சடித்தார்கள், விடியும் முன்பே வீட்டு வாசலில் போட்டார்கள். டெல்லியில் இருந்த காங்கிரஸ் தலைமை ஐந்தே வருடத்தில் நாலு முதல்வர்களை உட்கார வைத்த கோபம் ஜனங்களிடம் ஏற்கெனவே இருந்தது. நம்ம ஊரில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இதே கோபம்தான் என்று காட்டியது பேப்பர். வேலை செய்தது இந்த ஊர்ச் செய்திகள்தான்; தலையங்கத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள், சொல்லுங்கள்?

1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள். ஈநாடு அந்தப் போராட்டத்துக்கு விடாமல் இடம் கொடுத்தது. மதுவிலக்கு கொண்டுவருவேன் என்று சொன்ன என்.டி.ஆர். 1994இல் மறுபடியும் ஜெயித்தார்.

சரி, அப்படியென்றால் பேப்பர் நினைத்தால் யாரையும் ஜெயிக்க வைக்கலாமா? 2004க்கு வாருங்கள். அதே ஈநாடு, அப்போது தெலுங்கு தேசம் முதல்வராக இருந்த சந்திரபாபு நாயுடு பக்கம் நின்றது. கிராமத்தில் வறட்சி, விவசாயி தற்கொலை. சட்டமன்றத்தின் 294 இடங்களில் தெலுங்கு தேசத்துக்குக் கிடைத்தது 47. காங்கிரஸின் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி முதல்வரான பிறகும் ஈநாடையும் ஆந்திர ஜோதியையும் "அந்த இரண்டு பத்திரிகைகள்" என்று மேடைக்கு மேடை கிண்டல் அடித்தார். பேரே சொல்ல மாட்டார், ஆனால் கூட்டத்துக்குப் புரிந்துவிடும்! 2008இல் அவர் மகன் ஜெகன் சொந்தப் பேப்பராக 'சாக்‌ஷி'யைத் தொடங்கினார்.

இப்போது ஆளுக்கொரு பேப்பர், ஆளுக்கொரு சேனல். தெலங்கானா பிரிந்த பிறகு ஆந்திராவில் மொத்தமே 175 இடம்; ஜெகனின் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கட்சிக்கு 2019இல் அதில் 151, 2024இல் வெறும் 11. சாக்‌ஷி இரண்டு தடவையும் காலையில் சரியாக வந்துகொண்டுதான் இருந்தது. யாருடைய பேப்பர் என்று தெரிந்துவிட்டால், படிக்கிறவரே பாதியைக் கழித்துவிட்டுத்தான் படிக்கிறார்.

அடுத்த வீடியோவில் 1996 தேர்தலும் சன் டிவியும். ஜெயலலிதா வளர்ப்பு மகனின் அந்தக் கல்யாண வீடியோவை டிவியில் பார்த்தவர்கள் கமெண்டில் வாருங்கள்.