அது எலி இல்லை மக்களே! | 53 செ.மீ. மண்டையோடும் 150 ரூபாய் ஓட்டையும்

வணக்கம் மக்களே. ஆந்தை கக்கிய உருண்டையைப் பிரிக்கும் வீடியோவின் இரண்டாம் பாகம் இன்று வர வேண்டும். தெரியும், அது அடுத்த வாரம். இந்த வாரம் வேறு ஒன்றைப் பேசாமல் எனக்குத் தூக்கம் வராது.

நான்கு நாளாக ஒரே ஷார்ட்ஸை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "ஒரு டன் எடையுள்ள ராட்சத எலி!" நேற்று ராத்திரி வரை எண்ணினேன், பதினேழு பேர். அந்த வீடியோவில் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், நம் வீட்டுப் பரணில் ஓடுகிற சாதாரண எலியை அப்படியே யானை அளவுக்கு இழுத்துப் பெரிதாக்கி, நீளமான வாலோடு மாட்டுவண்டி பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. வால் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்த விலங்கின் வாலை யாரும் பார்த்ததே இல்லை. கிடைத்தது ஒரு மண்டையோடு. கீழ்த்தாடைகூட அதோடு இல்லை.

விலங்கு உண்மையானதுதான், என்றைக்கோ அழிந்துபோனது. பெயர் ஹோசெஃபோஆர்டிகாசியா மோனெசி. உருகுவே நாட்டின் விடுதலை வீரர் ஹோசே ஆர்டிகாஸ் பெயர் முன்பாதி, அந்த நாட்டுத் தொல்லுயிர் ஆய்வாளர் ஆல்வரோ மோனெஸ் பெயர் பின்பாதி. 1987-இல் செர்ஹியோ வியேரா என்பவர் கியூ என்கிற கடற்கரையில் உடைந்து கிடந்த பாறைக்குள் அந்த மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அவர் விஞ்ஞானி இல்லை, ஆர்வத்தில் தேடுகிறவர். எடுத்ததைத் தானே வைத்துக்கொள்ளாமல் தலைநகர் மொண்டெவிடேயோவில் இருக்கிற அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எனக்கு இந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும். அது அங்கே பெட்டியில் பல வருடம் இருந்தது. ஆந்த்ரேஸ் ரிண்டர்க்னெக்ட், எர்னெஸ்டோ பிளாங்கோ என்ற இருவர் 2008-இல்தான் அதை முறையாக விவரித்துப் பெயர் வைத்தார்கள். இருபத்தொரு வருடம்!

சரி, இப்போது மேஜைக்கு வாருங்கள். வெள்ளையாக இருக்கிறதே, இது கினி பன்றியின் மண்டையோடு, 3டி பிரிண்ட். பெயரில்தான் பன்றி, அது கொறிக்கிற குட்டிப் பிராணி. நிஜத்தில் ஆறு செ.மீ. சுமார் இருக்கும். எனக்கு என்ன ஆசை என்றால், இதை 53 செ.மீ. அளவுக்கு அடித்துவிட வேண்டும். ஏனென்றால் அந்த உருகுவே மண்டையோட்டின் நீளம் 53 செ.மீ. பள்ளிக்கூட அடிஸ்கேல் ஒன்றை வைத்து, அதற்குப் பக்கத்தில் இன்னொன்றில் முக்கால்வாசி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. கடையில் கேட்டேன். 14,000 ரூபாய் என்றார்கள். போனை வைத்துவிட்டேன். மூன்று மடங்காக, 18 செ.மீ. போதும் என்று திரும்பக் கூப்பிட்டேன். 2,800 என்றார்கள், பேசிப் பேசி 2,350. அதுவரைக்கும் சந்தோஷம்.

பார்சலைப் பிரித்தால் பில்லில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: ஃபைல் சரிசெய்ததற்கு 150 ரூபாய். நான் எதையும் சரிசெய்யச் சொல்லவில்லையே என்று மண்டையோட்டைத் திருப்பிப் பார்க்கிறேன், கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டிய ஓட்டை இல்லை. இரண்டு பக்கமும் வழவழவென்று மூடியிருக்கிறது. போன் போட்டால் அந்தத் தம்பி சொல்கிறார், "அண்ணே, கண்ணுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பெரிய ஓட்டை இருந்துச்சு, ஸ்கேன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நான்தான் அடைச்சேன்."

மக்களே, அந்த ஓட்டைக்காகத்தான் நான் இந்த மண்டையோட்டையே வாங்கினேன்!

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று சொல்கிறேன். உங்கள் கன்னத்தில் கை வைத்துப் பல்லை இறுகக் கடியுங்கள். திரண்டு எழுகிறதே, அதுதான் மாசெட்டர் தசை. கொறிக்கிற பிராணிகளுக்கு வாழ்க்கையே அந்தத் தசைதான். அது மண்டையோட்டில் எங்கே போய் ஒட்டுகிறது என்பதில் கூட்டத்துக்குக் கூட்டம் வித்தியாசம். நமக்கும் கண்ணுக்குக் கீழே எலும்பில் ஒரு சின்னத் துளை உண்டு, நரம்பு வெளியே வருகிற வழி. அணிலுக்கும் அது சின்னதுதான். அதன் தசை துளை வழியாக நுழையாமல் வெளிப்பக்கமாகவே முன்னேறி மூக்குப் பக்கம் ஒட்டும். எலிக்குத் துளை சாவித்துவாரம் மாதிரி, மேலே அகலம், கீழே ஒடுக்கம். தசையின் ஒரு பகுதி அதன் வழியாகப் போகும், இன்னொரு பகுதி வெளியே போகும். முள்ளம்பன்றிக்கும் கினி பன்றிக்கும் அந்தத் துளை பெரிய வாசல். உள்பக்கத் தசை முழுக்க அதற்குள் நுழைந்து மூக்கின் பக்கவாட்டில் ஒட்டும். 1855-லேயே பிராண்ட் என்கிற ஆய்வாளர் இதை வைத்துத்தான் கொறிணிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார். தசை என்றைக்கோ அழுகி மறைந்துவிடும். ஓட்டை கல்லாகி நிற்கும். அதனால்தான் லட்சக்கணக்கான வருடம் கழித்தும் அதைப் பார்த்து ஆளைச் சொல்ல முடிகிறது. உருகுவே மண்டையோடும் பெரிய வாசல் கூட்டம். அது எலி இல்லை என்று அந்த ஒரு இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஒன்றை விட்டுவிட்டேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அது கொறிணி என்றே எப்படித் தெரியும்? மேலே ஒரே ஒரு ஜோடி பெரிய வெட்டுப்பல், அதற்குப் பின்னால் நீண்ட வெற்றிடம், கோரைப்பல் கிடையாது. வெட்டுப்பல்லின் முன்பக்கத்தில் மட்டும் எனாமல், அதனால் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து உளி மாதிரி கூராகவே இருக்கும். ஆந்தை உருண்டை வீடியோவில் சுண்டெலிப் பல்லில் காட்டினேனே, அதேதான். அதை முப்பது செ.மீ.க்கு மேல் நீளமாக நினைத்துப் பாருங்கள்.

ஓட்டை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்த ஷார்ட்ஸ் ஆள் மாதிரி ஆகிவிடுவேன். ஜெர்போவா என்கிற பாலைவனத்துக் குட்டிக் கொறிணிக்கும் பெரிய ஓட்டை உண்டு, அது இந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. அடுத்த சாட்சி கடைவாய்ப்பல். எலியின் கடைவாய்ப்பல்லில் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். உருகுவே விலங்குக்கோ எனாமல் தகடுகளை வரிசையாக நிறுத்தி நடுவில் காரை பூசினாற்போல் இருக்கிறது. இன்று உயிரோடு இருக்கிறவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் பகரானா. ஆண்டிஸ் மலையடிவாரக் காடுகளில் இருக்கிறது, உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், பதினைந்து கிலோவுக்குள் எடை, ரொம்ப நிதானமாக நடக்கும். எனக்கு உலகத்திலேயே பிடித்த கொறிணி அதுதான்.

இப்போது அந்த ஒரு டன். 2008-இல் முதலில் வந்த கணக்கு சுமார் 1,000 கிலோ. ஆனால் அதே கட்டுரையில் 468 முதல் 2,586 கிலோ வரை என்று வரம்பும் போட்டிருந்தார்கள். அதை யாரும் ஷார்ட்ஸில் சொல்ல மாட்டார்கள். அதே வருடம் விர்ஜினி மில்லியன் என்பவர் வேறு விதமாகக் கணக்குப் போட்டு 350 கிலோ என்றார். இன்று இருக்கிற கொறிணிகளில் பெரியது கேப்பிபாரா, அதுவே சுமார் அறுபது கிலோ. அறுபது கிலோ வரைதான் அளந்து பார்க்க உயிருள்ள கொறிணி இருக்கிறது, அதற்கு மேல் கணக்கை நாமே நீட்டிக்கொண்டு போக வேண்டும். தலை பெரிதாக இருந்தால் உடம்பும் அதே விகிதத்தில் பெரிதாக இருக்கும் என்று சொல்லவும் முடியாது. 2022-இல் எங்கல்மன் என்பவர், மண்டையோடு கழுத்தெலும்போடு சேருகிற இரண்டு குமிழ்களின் அகலத்தை வைத்துக் கணக்கிட்டார். வந்தது சுமார் 480 கிலோ. எனக்கு இந்தக் கணக்குதான் பிடித்திருக்கிறது. அந்தக் குமிழ்கள்தானே தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற மூட்டு. 480 கிலோ குறைச்சலா? நல்ல காளை மாட்டு எடை. அது போதாதா உங்களுக்கு?

அப்புறம் கடி. 2015-இல் பிலிப் காக்ஸும் ரிண்டர்க்னெக்டும் பிளாங்கோவும் அந்த மண்டையோட்டைக் கணினியில் வைத்துக் கடிக்க விட்டார்கள். வெட்டுப்பல் முனையில் கடியின் விசை 1,400 நியூட்டன் பக்கம் வந்தது, புலியின் கடி மாதிரி. ஆனால் அந்தப் பற்கள் தாங்கக்கூடியது அதைப்போல மூன்று மடங்கு. கடிக்க மட்டும் என்றால் அவ்வளவு உறுதி எதற்கு? யானை தந்தத்தைப் பயன்படுத்துவதுபோல மண்ணைக் கிளறவோ சண்டை போடவோ பயன்படுத்தியிருக்கலாம் என்கிறார்கள். யானையை எலியோடு சேர்ப்பதென்றால் இப்படிச் சேருங்கள், நான் கைதட்டுகிறேன்.

சரி, ஓட்டைக்கு வருவோம். முதலில் சால்டரிங் அயர்னை வைத்து உருக்கினேன், வீடு முழுக்க நாற்றம், ஓரம் கோணலாகிவிட்டது. அம்மா வெளியே போகச் சொல்லிவிட்டார். இடது பக்கம் பாருங்கள், அந்தக் கோணல் அதுதான். வலது பக்கத்தைத் துளைபோடும் மிஷினில் மூன்று எம்.எம். பிட் போட்டுச் சுற்றிச் சுற்றித் துளைத்து, உப்புத்தாளால் தேய்த்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம். இந்தாருங்கள், விரல் உள்ளே போகிறது! அந்த 150 ரூபாயையும் கடைக்காரத் தம்பி திருப்பி அனுப்பிவிட்டார், ஸ்கிரீன்ஷாட் போடுகிறேன்.

இப்போது ரப்பர் பேண்டைக் கீழ்த்தாடையில் மாட்டுகிறேன். மேலே கொண்டுவந்து ஓட்டைக்குள் விட்டு, மூக்குப் பக்கம் இந்தக் குண்டூசியில் மாட்டுகிறேன். தாடையை நான் இறக்கிப் பிடித்திருக்கிறேன், விடுகிறேன், பாருங்கள். டப்! எவ்வளவு முன்னாலிருந்து இழுக்கிறது பார்த்தீர்களா? இருங்கள், கேமரா ஃபோகஸ் ஆகவில்லை, இன்னொரு தடவை செய்கிறேன்.