இறந்த மனைவியின் தங்கை: விக்டோரியா காலத் திருமணப் பதிவுகளை வாசிக்கும் முறை

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837 ஜூலை 1 அன்று அரசுப் பதிவு முறை தொடங்கியது. மணமக்களின் பெயர், வயது, தொழில், இருப்பிடம், தந்தையின் பெயர், சாட்சிகளின் கையொப்பம் ஆகியவை திருமணச் சான்றிதழில் உண்டு. தாயின் பெயருக்கு 2021 வரை அதில் இடமே இல்லை. வயதுக்குரிய கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘முழு வயது’ என்று இருந்தால், இருபத்தொன்றைக் கடந்தவர் என்பதற்குமேல் எதுவும் தெரியாது. தந்தை பெயர் இல்லாமல் கோடு மட்டும் இருந்தால், பெற்றோர் மணமாகாதவர்களாக இருந்திருக்கலாம்.

இவற்றையெல்லாம்விடக் குடும்ப வரலாறு தேடுபவரை அதிகம் குழப்புவது, மனைவியை இழந்தவர் அவளுடைய தங்கையையே மணந்துகொண்ட திருமணம்தான். பிரசவத்தில் தாய் இறந்துவிட்டால், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சித்தி வந்து தங்குவது அங்கும் இயல்பாக நடந்தது. ஆனால் 1835 ஆகஸ்ட் 31க்குப் பிறகு நடக்கும் இத்தகைய திருமணம் அடியோடு செல்லாது என்று அவ்வாண்டுச் சட்டம் விதித்ததால், பிறக்கும் பிள்ளைகள் சட்டத்தின் பார்வையில் முறைகேடான பிள்ளைகளாயினர்.

ஒரு தச்சரின் வீட்டை எண்ணிப்பாருங்கள். 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனைவி மேரி. அடுத்த வரியில் ‘மனைவியின் தங்கை’ என்று சாரா. 1871இல் மேரி இல்லை. சாரா ‘மனைவி’ ஆகிவிட்டாள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் ஒன்றாகவே இருப்பதால், மேரி சாரா என்று ஒரே பெண்ணுக்கு இரண்டு பெயர் என நினைத்துக் கடந்துபோகிறவர்களே அதிகம். மேரியின் இறப்புப் பதிவைத் தேடி எடுத்தால்தான் உண்மை புலப்படும்.

அடுத்து, அத்திருமணம் எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும். சொந்த ஊர்த் தேவாலயத்தில் மூன்று ஞாயிறுகளில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும்போது, அறிந்தவர் எவரும் எழுந்து ஆட்சேபிக்கலாம். ஆகவே, யாரும் தங்களை அறியாத பெருநகரப் பங்கு (தேவாலய வட்டாரம்) ஒன்றுக்குப் போய், தற்காலிக முகவரி கொடுத்து மணந்துகொண்டவர்கள் உண்டு. வசதி படைத்தவர்கள் கடல் கடந்தார்கள்; ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட், மறைந்த மனைவி ஃபேனியின் தங்கை ஈடித்தை 1875இல் சுவிட்சர்லாந்தில் மணந்தார். ஆயினும், டென்மார்க்கில் நடந்த அப்படியொரு திருமணத்தை, தம்பதியின் நிலையான வாழ்விடம் இங்கிலாந்து என்பதால் செல்லாது என்று அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1861இலேயே தீர்ப்பளித்திருந்தது. இந்தப் பின்னணி தெரியாமல், தூர ஊரில் நடந்த திருமணத்தையும் பொருந்தாத முகவரியையும் கண்டு, முன்னோரை ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டுவது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். தாயற்ற குழந்தைகளுக்காகத் தம் நற்பெயரையே பணயம் வைத்த பெண்கள் அவர்களில் இருந்தார்கள்.

1907இல் வந்த சட்டம் இத்திருமணங்களை அனுமதித்ததோடு, முன்பு நடந்தவற்றையும் பெரும்பாலும் செல்லுபடியாக்கியது. ஆனால் அதற்குள் பிறர் கைக்குச் சட்டப்படி போய்விட்ட சொத்துரிமையை அது தொடவில்லை. ஆகையால் இத்தகைய குடும்பத்தில் உயில்களையும் தேடிப் படியுங்கள்: ‘என் பிள்ளைகள்’ என்று மட்டும் எழுதாமல், ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லித் தந்தை எழுதியிருந்தால், அதற்குக் காரணம், அப்பிள்ளைகளை முறைகேடானவர்களாக்கிய 1835ஆம் ஆண்டுச் சட்டமாக இருக்கலாம்.