செத்த வீட்டுக் காசில வாங்கின கமரா | யாழ்ப்பாணத்தில ஒரு கலைஞன் என்னத்தில உழைக்கிறான்?

[கறுப்புத் திரை. குரல் மட்டும்.]

இந்த வீடியோவை எடுக்கிற கமரா இருக்கெல்லோ, அதை எனக்கு வாங்கித் தந்தது எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில ஒருத்தரும் இப்ப உயிரோட இல்லை.

[மேசையில் பரப்பிய மெல்லிய புத்தகங்கள். மெல்லக் கிட்டப் போகும் கமரா.]

பயப்பிடாதேங்கோ, பேய்க்கதை இல்லை. இதுகள் கல்வெட்டு. அந்த எட்டுப் பேருக்கும் நான் இது செய்து குடுத்த காசிலதான் கமரா வந்தது. கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, தாளில அடிச்ச புத்தகம். ஆனாலும் எங்கட ஊரில பேர் கல்வெட்டுத்தான். ஒராள் மோசம் போய் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வாற சனத்துக்குக் குடுக்கிறது. உங்கட வீட்டு அலுமாரியிலயும் ஒரு கட்டுக் கிடக்கும். ஒருத்தரும் எறியவும் மாட்டினம், எடுத்து வாசிக்கவும் மாட்டினம்.

[முகம் காட்டி]

வணக்கம். நான் கொண்டாவில்ல இருந்து கதைக்கிறன். என்ர தொழில் என்னெண்டு கேட்டால் எனக்கே ஒரு மூச்சில சொல்ல ஏலாது. படம் கீறுவன். பாலர் பாடசாலைச் சுவரில யானையும் முயலும் கீறுவன். கலியாணக் காட் வடிவமைப்பன், மேடைத் திரை வரைவன், வீடியோ வெட்டி ஒட்டுவன், விளம்பரத்துக்குக் குரல் குடுப்பன், தேவை வந்தால் கவிதையும் எழுதுவன். எங்கட சொந்தக்காரர் இதையெல்லாம் சேர்த்து ஒரே வசனத்தில முடிச்சிடுவினம்: "பெடியன் வேலை இல்லாமல் நிக்கிறான்."

அப்ப இண்டைக்குக் கேள்வி இதுதான். இப்பிடி ஒரு மாதச் சம்பளம் இல்லாமல், ஒரு முதலாளி இல்லாமல், பத்துக் கலையில கால் வைச்சுக்கொண்டு யாழ்ப்பாணத்தில சீவிக்க ஏலுமோ?

வரலாறு கொஞ்சம் சொல்லத்தான் வேணும், அவசரமாச் சொல்லுறன். 1841இலயே உதயதாரகை எண்டு பேப்பர் அச்சடிச்ச இடம் இது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலையில சங்கீதம், நடனம், சித்திரம் எல்லாம் படிப்பிக்கினம். படிச்சு வெளிய வாறவைக்கு வாத்தியார் வேலை கிடைச்சால் சரி, கிடைக்காட்டி என்னை மாதிரி. வரலாறு முடிஞ்சுது.

[செம்மண் தோட்டம். வெங்காயப் பாத்தி. கிணற்றடி.]

இப்ப இந்தத் தோட்டத்தைப் பாருங்கோ. எங்கட குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. அடியில சுண்ணாம்புக் கல், அதுக்குள்ள தேங்கிற மழைத்தண்ணி, கிணறு. அவ்வளவுதான். இருக்கிறது ரெண்டு மூண்டு பரப்புக் காணி. அதில தோட்டக்காரர் ஒரு பயிரை நம்பி இருக்கிறாரோ? வெங்காயம், பேந்து புகையிலை, பேந்து மிளகாய். வெங்காயம் விலை விழுந்தால் மிளகாய் தூக்கும். அவரை ஆரும் "நீ உருப்படியா ஒண்டைச் செய்யன்" எண்டு கேட்டதில்லை. என்னைத்தான் கேக்கினம்!

என்ர தோட்டமும் இப்பிடித்தான். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில பட்டத் திருவிழா, அதுக்கு முதல் பட்டத்துக்கு வர்ணம் அடிக்கக் கூப்பிடுவினம். நாள் நல்ல மாதங்களில கலியாணக் காட். நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாள், வெளிநாட்டில இருந்து சனம், கடைக்காரருக்குப் பதாகை, தண்ணீர்ப் பந்தலுக்குப் பெயர்ப்பலகை. ஆடியும் மார்கழியும் கலியாணம் இல்லை, கை காயும்.

ஆனால் ஒண்டுக்கு மட்டும் ஆடி மார்கழி பாக்கிற வழக்கம் இல்லை. சாவுக்கு.

[கல்வெட்டு ஒன்றைக் கையில் எடுத்து]

இதை நான் கெட்ட மனசில சொல்லேல்லை. நான் செய்யிற அத்தனை வேலையும் ஒரே இடத்தில ஒண்டு சேருறது இந்தப் புத்தகத்திலதான். இனி நான் கொஞ்சம் அலட்டுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ. சப்ஸ்கிரைப் பண்ணாதவை அந்த நேரத்தில அதைச் செய்யலாம்.

முதல் பக்கம், படம். லேசான வேலை எண்டு நினைப்பியள். கன வீடுகளில படமே இல்லை. யுத்தத்தால வந்த 1995 ஐப்பசி இடப்பெயர்வில சனம் உடுத்த உடுப்போட வெளிக்கிட்டது. அல்பத்தை ஆர் தூக்கினது? திரும்பி வந்து பாக்கக் கூரையே இல்லை. அப்ப மிஞ்சிறது ஒண்டுதான், அடையாள அட்டைப் படம். பெருவிரல் நகமளவு, கறுப்பு வெள்ளை, முகத்துக்கு மேல மங்கல்.

இணுவிலில ஒரு அம்மா அப்பிடி ஒரு அட்டையைத்தான் கொண்டுவந்து தந்தவ. நான் அதை ஸ்கான் பண்ணி, பெருப்பிச்சு, அழிஞ்ச இடத்தைக் கையால கீறி நிரப்பி, ரெண்டு நாள் இருந்து செய்தனான். வடிவா இருக்கட்டும் எண்டு வாய் ஓரத்தைச் சாதுவா மேல தூக்கி விட்டன். லேசான ஒரு சிரிப்பு. கொண்டுபோய்க் காட்ட, அம்மா கனநேரம் பாத்தா.

"தம்பி, நல்லாத்தான் கீறியிருக்கிறாய். ஆனால் இதார்?"

"ஐயாதான் அம்மா."

"அவர் எந்தக் காலத்தில அப்பு சிரிச்சவர்? வாற சனம் வேற ஆரோ எண்டெல்லோ நினைக்கும். சிரிப்பை எடு."

எடுத்தன். எடுத்தாப்பிறகு அவ அழுதா. அப்பத்தான் சரியான முகம் வந்திருக்குதெண்டு எனக்கு விளங்கினது. படம் கீறப் படிக்கேக்க இது ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

[பக்கம் புரட்டும் கை. கட்டம் போட்ட ஒரு வெண்பா.]

இப்ப வாறதுதான் எனக்கு விருப்பமான பக்கம். திதி வெண்பா. செத்த ஆண்டு, மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ, என்ன திதி, எல்லாம் நாலு அடிக்குள்ள வரவேணும். ஏனெண்டால் வருசா வருசம் திவசம் செய்யிறது இங்கிலீஸ் தேதிக்கு இல்லை, திதிக்கு. கலண்டர் கிழிஞ்சு போகும், பாட்டுக் கிழியாது. விளங்குதோ? இது கவிதை மட்டுமில்லை, ஒரு நினைவூட்டல். போனில அலாரம் வைக்கிற மாதிரி.

அதில ஒரு சிக்கல். ஆள் செத்தது கனடாவில, கோடைகாலம், இரவு 9 மணி. இஞ்ச அப்ப விடியக்காலமை ஆறரை, அடுத்த நாள். எந்த நாள்த் திதி? திதி எண்டது சந்திரனும் சூரியனும் 12 பாகை விலகிற கணக்கு. அந்த நிமிசத்தில உலகம் முழுக்க ஒரே திதிதான். ஆனால் சூரிய உதயம் ஊருக்கு ஊர் வேற. அதுக்கு மேல வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். எனக்கு வெண்பா படிப்பிச்ச வாத்தியார் ஐயா கடைசி வரைக்கும் ஒரே புத்திதான் சொன்னவர்: "முதல்ல குருக்களைக் கேள், பேந்து எதுகையைத் தேடு."

வெண்பாவுக்குச் சட்டம் இறுக்கம். கடைசிச் சீர் நாலு வாய்பாட்டில ஒண்டிலதான் முடியவேணும். என்னென்ன? நாள், மலர், காசு, பிறப்பு.

திருப்பிக் கேளுங்கோ. நாள், மலர், காசு, பிறப்பு. செத்த நாளைச் சொல்லுறதுக்கு எழுதுற பாட்டு. அடிக்கிறது நினைவு மலர். எழுதுறவனுக்குத் தேவை காசு. சைவச் சனத்துக்கு அடுத்தது பிறப்பு. ஆயிரம் வருசத்துக்கு மேல பழசான இலக்கணம், என்ர தொழிலை நாலு சொல்லில எழுதி வைச்சிருக்கு! இதை முதல்முதல் கவனிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை. எங்கட அம்மா, "விசர், படு" எண்டவ.

நானும் ஒண்டு எழுதினனான், மனிசருக்கு இல்லை. 2022 பங்குனியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டது ஞாபகம் இருக்கோ? போய்ப் போய் வந்ததில என்ர ஹார்ட் டிஸ்க் எரிஞ்சு போச்சு. எட்டு வருச வேலை. அழுது முடிச்சிட்டு எழுதின குறள் வெண்பா இது:

[திரையில் எழுத்து]

ஆண்டெட்டாய் என்படங்கள் காத்திட்ட வன்தட்டே
மாண்டாயே மின்வெட்டில் நேற்று.

கடைசிச் சொல் "நேற்று", வாய்பாடு காசு. காசு போனதும் உண்மை. தளை, அதுதான் சீருக்குச் சீர் பொருந்திற முறை, தட்டுதெண்டு ஆரும் தமிழ் வாத்தியார் கண்டுபிடிச்சால் கொமென்றில திருத்துங்கோ, நான் கோவிக்கமாட்டன்.

அதுக்குப் பிறகு பஞ்சபுராணம், சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, புலம்பல். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். எல்லாரின்ர புலம்பலையும் எழுதுறது நான் ஒருத்தன். பேரப்பிள்ளை லண்டனில பிறந்து தமிழ் வாசிக்கத் தெரியாதவன். அவன்ர வாயால "தாத்தா, உங்கள் மடியினிலே தவழ்ந்தோமே" எண்டு நான் கண்ணீர் வடிக்கிறன்.

இதில ஒரு தொழில் ரகசியம். நடுவில கம்பி அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலால பிரிபடவேணும். 32, 36, 40. ஒரு தாளை மடிச்சால் நாலு பக்கம், வேற வழியில்லை. 36க்கு எல்லாம் முடிச்சு அச்சகத்துக்கு அனுப்பினாப் பிறகு சுவிஸில இருந்து மருமகன் வட்ஸ்அப்பில ஒரு பக்கம் புலம்பல் அனுப்புவார். இப்ப 37. அப்ப 40 ஆக்கவேணும், மூண்டு பக்கம் வெறுமையாக் கிடக்கும். என்ன செய்யிறது? சிவபுராணம். 95 அடி. எழுத்தைச் சின்னனாக்கினால் ரெண்டு பக்கத்தில அடங்கும், பெருப்பிச்சால் அஞ்சு பக்கம் ஓடும். மாணிக்கவாசகர் எனக்கு இப்பிடி எத்தினை தரம் கைகுடுத்திருக்கிறார் எண்டு அவருக்குத்தான் தெரியும்.

[விசைப்பலகை. கிட்டத்துக் காட்சி.]

எழுத்தைப் பற்றிக் கதைச்சால் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவைச் சொல்லாமல் விடேலாது. உலகம் யூனிகோட்டுக்குப் போய்க் கனகாலம். எங்கட அச்சகங்களில இன்னும் பாமினிதான் ராசா. அதில "அம்மா" எண்டு வரவேணுமெண்டால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் தட்டவேணும். எழுத்துரு இல்லாத கணினியில திறந்தால் அந்த இங்கிலீஸ் எழுத்துத்தான் தெரியும். ஒருக்கா வெளிநாட்டில இருந்து ஒரு மகள் பதறிப்போய் கோல் எடுத்தவ: "அண்ணா, அம்மாவின்ர பேர் ஏதோ வைரஸ் பிடிச்ச மாதிரிக் கிடக்கு!" பாமினிக்குத் தனி வீடியோ போடுவம்.

இன்னொண்டு. செத்தவர் பெரிய ஆளாத்தான் இருக்கவேணுமெண்டு இல்லை. தோட்டக்காரர், தபால்காரர், ஒருநாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாத ஆச்சி, எல்லாருக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு அச்சில ஏறுது. 2005இல தொடங்கின நூலகம் இணையத்தளத்தில இப்பிடி நினைவு மலர்களை ஸ்கான் பண்ணிச் சேர்த்து வைச்சிருக்கினம், போய்ப் பாருங்கோ. எந்த ஊரில ஆர் ஆரைக் கட்டினது, எந்தக் கப்பலில சிங்கப்பூர் போனது எல்லாம் அதுக்குள்ள கிடக்கு. சரித்திரம் எழுதுறவை பாதிச் செய்தியை உதுக்குள்ளதான் தேடவேணும் எண்டது என்ர எண்ணம்.

சரி, காசு. கல்வெட்டு முடியக் குடும்பம் உங்களை விடாது. அதே படத்தில பதாகை, தூர நிக்கிற பிள்ளையள் பாக்க வீடியோ, அதுக்குக் குரல், ஆண்டுத் திவசத்துக்குப் பேப்பர் விளம்பரம். ஒரு வீட்டில நாலு வேலை. நான் ஒரு கலையை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டிருந்தால் மற்ற மூண்டும் வேற ஆரிட்டையோ போயிருக்கும்.

வாங்கிறதுதான் பாடு. இலங்கையில இருந்து பேபாலில காசு அனுப்பலாம், வாங்க ஏலாது எண்ட காலத்திலதான் நான் தொழில் பழகினது. அதால எங்கட கணக்கு முறை தனி: "தம்பி, நல்லூருக்கு அண்ணை வாறார், அவரிட்டைக் குடுத்து விடுறன்." பங்குனியில செய்த வேலைக்கு ஆவணியில காசு. ஒருக்கா காசு வரேல்லை, ரெண்டு பெட்டி சொக்லேற் வந்தது. முற்பணம் பாதி வாங்காமல் வேலை தொடங்காதேங்கோ, செத்த வீட்டில கேக்கக் கூச்சமா இருக்குமெண்டு எனக்கும் தெரியும். நான் அம்மாவைக் கேக்க விடுறனான். வரியைப் பற்றி இன்னொரு நாள்.

[கல்வெட்டின் பின் அட்டை.]

இப்ப நீங்கள் எனக்கு ஒரு வேலை செய்யவேணும். அலுமாரியில கிடக்கிற கல்வெட்டில ஒண்டை எடுத்துப் பின் அட்டையைப் பாருங்கோ. அச்சகத்தின்ர பேரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். படம் கீறினவன்ர பேர், வெண்பா எழுதினவன்ர பேர் இருக்கோ? நான் செய்த ஒண்டிலயும் என்ர பேர் இல்லை. கேட்டனான், "செத்த வீட்டில என்னடா விளம்பரம்" எண்டிச்சினம். அதுவும் நியாயம்தான். உங்கட வீட்டில பேர் போட்ட ஒண்டு கிடந்தால் எந்த ஊர், எந்த வருசம் எண்டு கொமென்றில எழுதுங்கோ, நான் தேடிக்கொண்டிருக்கிறன்.

[போன் அடிக்கிறது. பேசுபவர் திரையைப் பார்த்துச் சிரித்தபடி]

பொறுங்கோ, அச்சகத்தில இருந்து. ஹலோ... ஓம் அண்ணை... எத்தினை? 37ஓ?

[சிவபுராணப் பக்கம் திரையில். எழுத்து மெல்லப் பெருக்கிறது.]